நன்றாகச் சாப்பிட்டும் வயதானவர்களின் கை கால் ஏன் வற்றுகிறது?

அப்பா மூன்று நேரமும் சாப்பிடுகிறார், ஆனாலும் தசை கரைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்து அவரோடு சண்டை பிடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன்.

என் அப்பா திருகோணமலை உப்புவெளிக் கரையில் கரைவலை இழுத்தவர். இப்போது 71 வயது. போன வருடம் கோணேசர் கோயில் படியில் கால் இடறியது. இளம் ஆள் என்றால் மற்றக் காலைச் சட்டென்று ஊன்றியிருப்பான். அப்பாவின் கால் எழும்பியது, ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. என் தோளைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார். "வீட்டிலேயே இருந்தால் இப்படித்தான்" என்று அத்தனை பேர் முன்னால் ஏசினேன். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அது சோம்பல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. முள்ளந்தண்டிலிருந்து தசையை இயக்கும் நரம்புக் கலங்கள், 60 வயது தாண்டியபின் குறைந்துகொண்டே போகின்றன. ஒரு கலம் செத்தால் அது இயக்கிய தசை இழைகள் எல்லாம் அநாதையாகிவிடும். பக்கத்து நரம்பு கிளைவிட்டுச் சிலவற்றை ஏற்றுக்கொள்ளும், மிச்சம் வற்றும். வேகமாகச் சுருங்கும் இழைகளுக்குத்தான் அடி அதிகம். அதனால்தான் மெதுவாக நடக்கிறவருக்கு இடறினால் சமாளிக்க முடிவதில்லை.

ஹோர்மோனும் சேர்ந்துகொள்கிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மெல்ல இறங்கும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் விழும், வளர்ச்சி ஹோர்மோன் இருவருக்குமே குறையும். அதோடு, அதே மீனைத் தின்றாலும் முதிய தசை இளம் தசை அளவுக்குத் தன்னைக் கட்டிக்கொள்ளாது. சாப்பாடு மட்டும் போதாமல் போவது இதனால்தான்.

நான் டொக்டர் இல்லை. சண்டைக்கு வராதீர்கள். சலரோகம், தைரொய்ட், வேறு வருத்தம் எதுவும் இருக்கலாம், கட்டாயம் காட்டுங்கள். ஹோர்மோன் ஊசியை நீங்களாகத் தேடிப் போகவேண்டாம்.

  

 உங்கள் அப்பாவைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் கவனிக்க வேண்டும் என்கிறது வயதானவர்களின் தசை இழப்புக்கான ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை. என் அப்பாவுக்கு 19 விநாடி. பிசியோதெரபி மிஸ் சொன்னபடி அதையே தினமும் பயிற்சியாகச் செய்யவைத்தோம். முதல் சில கிழமைகளில் வருகிற பலம் பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது, தொடை பருக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள் என்றார். இப்போது 14. காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவே கதிரையை முற்றத்துக்கு இழுத்துப் போடுகிறார். எண்ணுவது மட்டும் நான்.