ஆறாவது நகர்த்தலில் செக்மேட்

அன்புள்ள ஐயா,

என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. டர்பனில் நடந்த ரேபிட் எனும் விரைவுச் சதுரங்கப் போட்டியில் கறுப்புக் காய்களுடன் கேரோ-கான் என்ற தற்காப்புத் தொடக்கத்தை ஆடினாள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஒரு குதிரையை டி7 கட்டத்தில் வைத்திருந்தாள். வெள்ளை அரசி ஈ2-க்கு வந்ததும் மற்றக் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தாள். உடனே எதிராளியின் குதிரை டி6-இல் வந்து நின்றது, செக்மேட்! “தற்காத்து ஆடுவது பயந்தவர்களின் ஆட்டம், விட்டுவிடு” என்கிறார் அவள் மாமா. அவள் இப்போது பலகையைத் தொடுவதே இல்லை.

ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள அம்மா,

மாமா சொல்வதை நான் ஏற்கவில்லை. 1958-இல் ஸ்மிஸ்லோவிடமிருந்து உலகப் பட்டத்தை மீட்ட மறுபோட்டியில் போட்வின்னிக் நம்பி ஆடிய தொடக்கங்களில் கேரோ-கானும் ஒன்று. இன்னொரு உலகச் சாம்பியனான கார்ப்போவும் அதை நெடுங்காலம் ஆடினார். சிப்பாயை சி6-இல் நிறுத்தி, அடுத்த நகர்த்தலிலேயே டி5-இல் மையத்தை எதிர்ப்பதில் பயம் எங்கே இருக்கிறது?

பேத்தி விழுந்தது பழைய பொறி. 1950-இல் போலந்தில் எஸ்தோனிய கிராண்ட்மாஸ்டர் பால் கெரஸ் இதே செக்மேட்டால் ஆறாவது நகர்த்தலில் வென்றார்; தோற்ற அர்லமோவ்ஸ்கி தேர்ந்த ஆட்டக்காரர். அதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பிறகு பலகையை விரித்து அந்த நிலையை அவளையே அடுக்கச் சொல்லுங்கள். டி6 குதிரையை ஈ7 சிப்பாய் ஏன் வெட்ட முடியவில்லை? அது நகர்ந்தால் ஈ2-இல் இருக்கும் அரசியின் பார்வை நேரே கறுப்பு அரசன்மேல் விழும். கறுப்பு அரசிக்கு டி7-இல் நிற்கும் சொந்தக் குதிரையே தடை. எஃப்8 பிஷப்புக்கு அந்த ஈ7 சிப்பாயே தடை. அரசனைச் சுற்றிச் சொந்தக் காய்கள். ஓட ஒரு கட்டம்கூட இல்லை. இதை அவள் தன் வாயால் விளக்கிவிட்டால் இனி ஒருநாளும் மறக்கமாட்டாள்.

தன் பிஷப்பின் வழியையே அடைத்துக்கொண்டு ஓர் அரசி ஈ2-இல் வந்து நிற்கிறது என்றால் காரணம் இருக்கும். அங்கே அரை நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். பதினைந்து நிமிடத்தில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. மனப்பாடமான தொடக்கம் கையை முந்தவைத்துவிடுகிறது. ரேபிட்டில் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான், கடிகாரத்தில் நேரம் குவிந்து கிடக்கும்போதே.

அந்த இடத்தில் ஈ7 சிப்பாயை ஈ6-க்கு நகர்த்தினால் போதும். குதிரை டி6-க்கு வந்தால் பிஷப் வெட்டிவிடும். அடுத்த போட்டியிலும் அவள் கேரோ-கானையே ஆடட்டும். மாமாவை வெள்ளைக் காய்களுடன் உட்காரவைத்து, இந்த வாரமே இரண்டு ஆட்டம் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.