நித்திய பூசைக்கு யார் கொடுப்பார்?

கேள்வி: வெளிநாடுகளுக்குத் தொழிலாளரை அனுப்பும் ஆசிய நாடுகள் கூடி அமைத்த 'கொழும்புச் செயன்முறை' போன்ற அமைப்புகள் பணமின்றித் தவிப்பதாக வாசித்தேன். உறுப்பு நாடுகள் தத்தமது சந்தாவை ஒழுங்காகச் செலுத்தினால், மத்திய கிழக்கில் வாடும் எம்மவரின் துயர் தீரும் அல்லவா?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: சந்தாவைப் பற்றித் துணிந்து கேட்டதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். உங்கள் கடிதத்தை என் மேசையில் வைத்த எமது முகாமையாளர், அதன் மூலையில் "இவரது சந்தா தைப்பொங்கலோடு முடிந்துவிட்டது" என்று பென்சிலால் குறித்திருந்தார். யாழ்ப்பாணத்தில் சஞ்சிகை நடத்துபவன் அறிந்த வாசகர்கள் மூவகையினர்: சந்தா கட்டி வாசிப்பவர்கள், கட்டாமல் வாசிப்பவர்கள், கட்டிவிட்டு வாசிக்காதவர்கள். இவர்களுள் மூன்றாமவரே உத்தமர் என்பதும், அவரிடமிருந்து கண்டனக் கடிதம் வருவதில்லை என்பதும் இத்தொழிலில் உள்ள அனைவருக்கும் தெரியும். பிராந்திய அமைப்புகளில் மேலும் இருவகையினர் உண்டு. சந்தா என்று ஒன்று கேட்கப்படாமலே உறுப்பினராக இருப்பவர்கள் ஒரு வகை. உறுப்பினராக இல்லாமலே செலவைச் சுமப்பவர்கள் மற்றொரு வகை. நீங்கள் முன்னவர்களைக் கோபிக்கிறீர்கள். நானோ பின்னவர்களைக் கண்டுதான் அஞ்சுகிறேன்.

கொழும்புச் செயன்முறை 2003 இல் பத்து நாடுகளுடன் கொழும்பில் தொடங்கியது. இன்று இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பாக்கிஸ்தான், பிலிப்பைன்ஸ், சீனா உட்படப் பன்னிரண்டு நாடுகள் அதில் உள்ளன. அதன் தீர்மானங்கள் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. செயலக வேலையைப் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு, அதாவது நாம் ஐ.ஓ.எம். என்று அழைக்கும் நிறுவனம், பார்த்துக் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் சுவிற்சர்லாந்தும் திட்டங்களுக்குப் பணம் தந்தன. 2005 இல் பாலித் தீவில் கூடிக் கலைந்த அமைச்சர்கள், அடுத்த முறை கூடியது 2011 இல் டாக்காவில். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் வளைகுடாவுக்குப் பறந்த விமானங்கள் எவையும் அவர்களுக்காகக் காத்து நிற்கவில்லை. 2024 இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற இந்தியா தன் முன்னுரிமைகளை அறிவித்தபோது, அமைப்பின் நிதி நிலைத்து நிற்குமா என்பதை மீளாய்வு செய்வதையும் அவற்றுள் ஒன்றாகச் சொன்னது. அரிசிக்கு யார் காசு கொடுப்பது என்ற பேச்சு, பந்தி தொடங்கி இருபத்தோராம் ஆண்டிலும் முடிந்தபாடில்லை.

எமது கோவில்களின் கணக்கு வழக்கை அறிந்தவர்களுக்கு இந்த நிலை எளிதில் விளங்கும். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் உபயகாரர் இருக்கிறார். அவர் இலண்டனில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், எத்தனை கூட்டம் மேளம், எந்தச் சாத்துப்படி, வாணம் எப்போது என்பனவற்றை அவரே தீர்மானிக்கிறார். ஆனால் ஆவணி மாதத்துச் சாதாரண செவ்வாய்க்கிழமையில் எரியும் விளக்கின் எண்ணெய்க்கும், ஐயரின் சம்பளத்துக்கும், மின்சாரக் கட்டணத்துக்கும் உபயகாரர் கிடைப்பதில்லை. இராசகோபுரங்களைப் பற்றி இதே பக்கத்தில் எழுதி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஆறாததால், இதை இத்துடன் நிறுத்துகிறேன். 1951 இல் தோன்றிய ஐ.ஓ.எம். நிறுவனத்துக்கு வரும் பணத்தின் மிகப் பெரும் பகுதியும் குறித்த திட்டத்துக்கென்று கட்டி அனுப்பப்படுவதே. கொடுப்பவர் குறித்த வேலைக்கு மாத்திரமே அந்தப் பணம் செல்லும்.

கொடுப்பவர் எதைக் குறிப்பார் என்பதை அறிய, யாழ்ப்பாணத்தவர் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆட்கடத்தலையும் கள்ளக் குடிபெயர்வையும் கையாள்வதற்கென 2002 இல் இந்தோனேசியாவும் அவுஸ்திரேலியாவும் இணைத்தலைமை ஏற்றுத் தொடங்கிய பாலிச் செயன்முறையில் இலங்கையும் உறுப்பு நாடு. 2009 ஒக்டோபரில் புகலிடம் தேடிய 78 தமிழர்களை ஏற்றிய 'ஓஷியானிக் வைக்கிங்' என்ற அவுஸ்திரேலியச் சுங்கத்துறைக் கப்பல் இந்தோனேசியக் கரையருகே வாரக்கணக்கில் நின்றதை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்துப் படகுகளின் வரவு தந்த பதற்றத்தில், 2011 இல் அமைச்சர்கள் பிராந்திய ஒத்துழைப்புக்கு ஒரு சட்டகத்தை வகுத்தார்கள். 2012 இல் பாங்கொக்கில் அலுவலகம் திறந்தாயிற்று. அதன் செலவில் பெரும்பங்கை அவுஸ்திரேலியா சுமக்கிறது. தனியாக, 2014 இல் இரண்டு ரோந்துப் படகுகளையும் அந்நாடு இலங்கைக்கு அன்பளிப்புச் செய்தது. படகு தன் கரையை நோக்கி வரும்போது பணக்கார நாட்டின் பணப்பை எத்தனை விரைவாகத் திறக்கிறது பாருங்கள். குவைத்தில் ஒரு பணிப்பெண்ணுக்கு எட்டு மாதச் சம்பளம் கிடைக்காமற் போனால், அது எந்தப் பணக்கார நாட்டின் கரையிலும் ஒதுங்குவதில்லை.

அபுதாபிக் கலந்துரையாடல் இன்னும் சுவையானது. 2008 இல் தொடங்கிய அந்த மேடையில் கொழும்புச் செயன்முறை நாடுகளும் வளைகுடா நாடுகளும் எதிரெதிரே அமர்கின்றன. நிரந்தரச் செயலகத்தை ஐக்கிய அரபு இராச்சியம் தன் செலவில் நடத்துகிறது. கூலி பேசப் போகிறவர், முதலாளி வாடகை கொடுக்கும் மண்டபத்தில், முதலாளியின் எழுதுவினைஞர் தயாரித்த நிகழ்ச்சிநிரலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். அங்கே நன்மை எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தவை எவருக்கும் சங்கடம் தராத நன்மைகள் என்பதே என் கருத்து. பசிபிக் தீவுகளின் குடிவரவுத் திணைக்களங்கள் கூடி, சமோவாவின் ஏபியா நகரில் செயலகம் வைத்து நடத்தும் அமைப்பிலும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்துமே பெருங்கொடையாளர்கள். ஆயினும் அங்கே அவ்விரு நாடுகளும் உறுப்பினராக அமர்ந்திருப்பதால், கொடுப்பவரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்கவாவது ஒரு வழி உண்டு.

ஆகவே, சந்தா கட்டினால் துயர் தீருமா என்ற உங்கள் கேள்விக்கு, உடனே தீராது என்பதே என் விடை. ஆயினும் அனுப்பும் நாடுகள் தம் சொந்தப் பணத்தில் ஒரு செயலகத்தை நடத்தினால், எந்தக் கொடையாளரும் விரும்பிப் பணம் தராத ஒரு வேலையைச் செய்யலாம். 2006 இன் இறுதியில் பிலிப்பைன்ஸ் தன் வீட்டுப் பணியாளருக்குக் குறைந்தது மாதம் 400 டொலர் சம்பளம் வேண்டும் என்று விதித்தது. அந்தத் தொகையைத் தனியாகக் கேட்கும் நாட்டை விட்டு, அதைக் கேட்காத நாட்டிடம் முகவர் ஓடுவார் என்பது எல்லா அரசுகளுக்கும் தெரிந்த அச்சம். பன்னிரண்டு நாடுகளும் ஒரே நாளில் ஒரே தொகையைக் கேட்டால் முகவர் எங்கே ஓடுவார்? அப்படிக் கேட்பதற்கு முன்னர், எந்த நாட்டில் எந்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்று ஆண்டுதோறும் திரட்டிவைக்கச் சிலர் முழுநேரமாக வேலை செய்ய வேண்டும். அவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

இலங்கைக்கு வெளிநாட்டு உழைப்பாளர் 2024 இல் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் அதிகம். நாட்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமோ 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாகி, பெருமளவுக்கு, புறப்படும் தொழிலாளரிடம் வாங்கும் பதிவுக் கட்டணத்தில் இயங்குகிறது. கிளிநொச்சியிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண், நகையை அடகு வைத்தாவது அதைக் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறாள். இந்த முழு ஏற்பாட்டிலும் தவணை தவறாத சந்தாதாரர் அவள் ஒருத்திதான். கொழும்பிலோ டாக்காவிலோ காத்மண்டுவிலோ கூடிய எந்த மேசையிலும் அவளுக்கு நாற்காலி போடப்படவில்லை.

வெளிநாட்டு வேலைவாய்ப்பு இப்போது வெளிவிவகார அமைச்சின் கீழ் வருகிறது. வரவுசெலவுத்திட்டக் குழுநிலை விவாதத்தில் அந்த அமைச்சுக்கான ஒதுக்கீடு எடுத்துக்கொள்ளப்படும் நாளில், கொழும்பின் பெயரைத் தாங்கிய இந்த அமைப்புக்கு இலங்கை எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்கும்படி உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் பதில் அனுப்பினால், அதன் பிரதி ஒன்றை எமக்கும் அனுப்பிவைக்கவும், இப்பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.