உளவாளிகளின் விக்கி

கேள்வி: அமெரிக்க உளவுத்துறைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு விக்கிபீடியா வைத்திருக்கிறார்களாமே? ஊரே சேர்ந்து எழுதினால் அது ரகசியமாக இருக்குமா? அதனால் பயங்கரவாதத்தைத் தடுக்க முடிகிறதா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மைதான். பெயர் இன்டெலிபீடியா. 2006-ல் அறிவித்தார்கள். நம் விக்கிபீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருள்தான் அங்கேயும், இலவசம். ஆனால் ஊரே எழுதுவதில்லை. ரகசியத்தின் தரத்தைப் பொறுத்து மூன்று தனி வலையமைப்புகள். அனுமதி உள்ளவர் மட்டுமே நுழையலாம். புனைபெயருக்கும் இடமில்லை. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் மாற்றியவர் பெயர் பதிவாகும். (நம் விக்கியில் இப்படி இருந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்!)

இது ஏன் தேவைப்பட்டது? 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் அல்-கொய்தா ஆட்கள் கூடினார்கள். அதில் காலித் அல்-மித்தார், நவாஃப் அல்-ஹஸ்மி இருவரையும் சி.ஐ.ஏ. அறிந்திருந்தது. மித்தாரிடம் அமெரிக்க விசா இருப்பதும் தெரியும். பிறகு அந்த இருவரும் சான் டியாகோவில் குடியேறினார்கள். ஹஸ்மியின் பெயர் அவ்வூர் தொலைபேசிப் புத்தகத்திலேயே இருந்தது! கண்காணிப்புப் பட்டியலில் அவர்கள் ஏறியது 2001 ஆகஸ்ட் கடைசியில். செப்டம்பர் 11 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் மோதிய விமானத்தைக் கடத்தியவர்களில் இருவரும் இருந்தார்கள். துப்பு சி.ஐ.ஏ.வின் மேஜையில் கிடந்தது, உள்நாட்டில் ஆளைத் தேடவேண்டிய எஃப்.பி.ஐ.யிடம் நேரத்தில் போய்ச் சேரவில்லை. துறைகள் துப்பைப் பகிர்ந்துகொள்ளத்தான் இந்த விக்கி.

விக்கி வந்தபின் தடுக்க முடிந்ததா என்றால், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் ஓர் இளைஞர் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு ஏறினார். அவருடைய அப்பாவே முந்தின மாதம் நைஜீரியாவில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் எச்சரித்திருந்தார். அதிகாரிகள் பெயரைத் தப்பாக எழுதித் தேடியதால், மகனிடம் விசா இருப்பதே முதலில் தெரியவில்லை. இனிஷியலால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அலைந்த நமக்கு இது புரியும். வெடி சரியாக வெடிக்காததால் பயணிகள் தப்பினார்கள். எழுதுவதற்கு மென்பொருள் இடம் கொடுக்கும். ஆனால் உளவுத்துறை ஆய்வாளருக்குப் பேர் வாங்கித் தருவது தன் துறை முத்திரையோடு போகும் அறிக்கைதான். விக்கியில் எழுதுவது கூடுதல் வேலை.

ரகசியம்? 2010-ல் ராணுவ ஆய்வாளர் ஒருவர், பல துறைகள் பகிர்ந்துகொண்ட வலையமைப்பிலிருந்து தூதரகத் தந்திகளை (தூதரகங்களும் வெளியுறவுத்துறையும் பரிமாறிக்கொள்ளும் செய்திகள்) லட்சக்கணக்கில் எடுத்து வெளியே விட்டார். வெளியுறவுத்துறை உடனே தன் தந்திகளை அந்த வலையமைப்பிலிருந்து துண்டித்துக்கொண்டது. எல்லாரும் தகவலைப் பகிருங்கள் என்று செப்டம்பர் 11 விசாரணை ஆணையம் சொல்லி அப்போது ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது.