டவுன்லோட் பண்ணின வீடியோவ டிவிடியில அடிச்சா லப்டொப்பில ஓடுது, வீட்டு டிவிடி டெக்கில மட்டும் "நோ டிஸ்க்" எண்டு வருது. ஏன்?

நீங்கள் எழுதினத வச்சு நான் விளங்கிக்கொண்டது இதுதான்: தம்பலகாமத்தில இருக்கிற அப்பாவுக்கு கோயில் திருவிழா வீடியோ காட்டோணும், ஆரோ சொந்தக்காரர் லிங்க் அனுப்பி நீங்கள் டவுன்லோட் பண்ணின எம்பி4 பைல் அது, அப்பாட வீட்ட பழைய பெட்டி ரீவியும் ஒரு டிவிடி டெக்கும்தான் கிடக்கு, வெறும் டிவிடி ஒண்ட லப்டொப்பில போட விண்டோஸ் ரெண்டு ஒப்ஷன் காட்டிச்சு, நீங்கள் "சிடி/டிவிடி பிளேயருக்கு" எண்ட மாதிரி இருந்த ரெண்டாவத அமத்தி கொப்பி பண்ணினீங்கள், டெக்கில போட்டா அது சுத்திச் சுத்திப் பாத்திட்டு "நோ டிஸ்க்" எண்டுது. இதில பிழை உங்களில இல்ல, அந்த ஒப்ஷனுக்குப் பேர் வச்சவரில. அந்தப் பேரப் பாத்தா ஆருக்கும் டெக்கில ஓடும் எண்டுதான் விளங்கும், ஆனா அது செய்யிறது உங்கட எம்பி4ஐ அப்பிடியே தூக்கி டிஸ்கில வைக்கிறது மட்டும்தான். கடதாசியக் கவருக்குள்ள வச்ச மாதிரி, கவர் மாறினா கடிதம் மாறாது.

இதே கஸ்டத்த நானும் பட்டனான், ரவுணில ஒரு ஸ்டூடியோவில ரெண்டு வருசம் நிண்டு கலியாண வீடியோ அடிச்சுக் குடுத்த பிறகும் பட்டனான், அதால கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

டெக்குக்கு எம்பி4, எம்கேவி மாதிரி வீடியோ பைல் எண்டா என்னெண்டே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு முறை. டிஸ்குக்குள்ள வீடியோ_டிஎஸ் எண்டு ஒரு போல்டர் இருக்கோணும், அதுக்குள்ள விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி எண்டு முடியிற பைல்கள் இருக்கோணும், படம் எம்பெக்-2 எண்ட சுருக்கு முறையில 720க்கு 576 சைஸில செக்கனுக்கு 25 பிரேமா (பிரேம் எண்டா ஒரு தனிப் படம்) இருக்கோணும், சத்தம் ஏசி3யோ எம்பி2வோ பிசிஎம்மோ, எதெண்டாலும் 48 கிலோஹேர்ட்ஸ். இது எங்கட நாட்டு பால் முறைக் கணக்கு (குடிக்கிற பால் இல்ல, ரீவி முறை ஒண்டின்ர பேர்), அமெரிக்கா கனடாப் பக்கம் என்டிஎஸ்சி, அது 720க்கு 480, 29.97 பிரேம். டிவிடி பிளேயர் ஜப்பானில விற்பனைக்கு வந்தது 1996ல, இப்ப நீங்கள் டவுன்லோட் பண்ணுற வீடியோவில கனக்க இருக்கிற எச்.264 எண்ட சுருக்கு முறை வந்தது 2003ல. பிறக்காத பிள்ளைய டெக் எப்பிடி அடையாளம் பிடிக்கும்.

அதால முதல் வேலை லப்டொப்பில இல்ல, அப்பாட வீட்ட. டெக்கின்ர முகத்த வடிவாப் பாருங்கோ. "டிவ்எக்ஸ்" எண்டு ஒரு சின்ன முத்திரை (சில கொம்பியூட்டர் வீடியோ பைலையும் ஓட்டும் எண்டதுக்கு அடையாளம்) இருக்கோ, யூஎஸ்பி ஓட்டை இருக்கோ? ரெண்டும் இருந்தா டிவிடி அடிக்கத் தேவையே இல்லாமப் போகலாம், வீடியோவ எக்ஸ்விட் ஏவிஐயா, சத்தத்த எம்பி3யா மாத்தி, அகலம் 720ஐத் தாண்டாமப் பாத்து, பென் ட்ரைவ ஃபேட்32ல போமட் பண்ணிப் போட்டா அனேகமா ஓடும், ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல போகக்கூடாது, அவ்வளவுதான். எம்பி4ஐ அப்பிடியே பென் ட்ரைவில போட்டிட்டு ஓடேல்ல எண்டு டெக்கத் தட்டுற ஆக்களக் கண்டிருக்கிறன். ரீவியே புதுசா யூஎஸ்பியோட இருந்தா இந்தப் பதில வாசிக்காமலே விடலாம்.

ரெண்டும் இல்லாத டெக் எண்டா மாத்தித்தான் ஆகோணும். எங்கட அம்மம்மாட டெக் அந்தச் சாதி. உப்புவெளியில கடலுக்குக் கிட்டத்தான் வீடு, உப்புக்காத்துக்கு டெக்கின்ர பின்பக்க ஆணியெல்லாம் கறள், ஆனா ஓடுது. பெரியம்மாட மகளின்ர கலியாணம் கனடாவில நடந்தது, அம்மம்மாவால போக ஏலாமப் போச்சு, அவங்கள் முழு வீடியோவையும் லிங்கில அனுப்பினவங்கள், 3 மணித்தியாலம் 20 நிமிசம், இரவு 12க்குப் பிறகு நைட் டேட்டாவில மூண்டு இரவு இறக்கினனான். போன்ல காட்டினா அம்மம்மா "உந்தத் தீப்பெட்டிக்குள்ள எனக்கு ஒண்டும் தெரியேல்ல, ரீவில போடு" எண்டுட்டா.

முதல் அடிச்ச டிஸ்க் முழுக்க ஒரே டிவிடியில. இங்கதான் கணக்கு வருது, இத மட்டும் பொறுமையா வாசியுங்கோ. டிவிடி மட்டையில 4.7 ஜிபி எண்டு போட்டிருக்கும், கொம்பியூட்டர் அத 4.37 எண்டுதான் காட்டும், ஏமாத்து இல்ல, ஒராள் ஆயிரத்தால எண்ணுறார் மற்றவர் 1024ஆல எண்ணுறார். அந்த 4.7ஐ பிட் கணக்கில (8 பிட் ஒரு பைட்) போட்டா சுமார் 37,600 மெகாபிட். அத வீடியோட செக்கனால பிரிச்சா ஒரு செக்கனுக்கு எவ்வளவு குடுக்கலாம் எண்டு வரும். ரெண்டு மணித்தியாலம் எண்டா 7200 செக்கன், சுமார் 5.2 மெகாபிட், வடிவா இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு 10க்கு மேல வரும், ஆனா டிவிடியில படத்துக்கு உச்சம் 9.8தான், அதில 8 வச்சா காணும். என்ர 3 மணி 20 நிமிசம் 12,000 செக்கன், 3.1தான் வந்தது, சத்தத்துக்கு 0.2 போக 2.9. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டு இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்ல. தாலி கட்டேக்க எல்லாரும் பூவும் அறுகரிசியும் எறிஞ்சினம் பாருங்கோ, அந்த இடத்தில மாப்பிள்ளைட முகம் பொம்பிளைட முகம் எல்லாம் சதுரம் சதுரமா உடைஞ்சு பிளாக்கல்லு அடுக்கின மாதிரிப் போச்சு. ஆடாம நிக்கிற படத்துக்குக் கொஞ்சம் பிட் காணும், ஆயிரம் பூவிதழ் ஒவ்வொண்டும் ஒவ்வொரு பக்கம் பறக்கேக்க காணாது. முழுக் கலியாணத்திலயும் அம்மம்மா பாக்க ஆசைப்பட்டது அந்த ஒரு நிமிசம்தான், அதுதான் பழுதாப் போனது.

உங்கட திருவிழா வீடியோவும் இதே கதைதான். தேர் இழுக்கிற சனம், பூமாரி, கற்பூரப் புகை, மேளக்காரரின்ர கை, இவ்வளவும் பிட் தின்னுற சாமான். ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல எண்டா யோசிக்காம ரெண்டு டிஸ்கா உடையுங்கோ. நான் பிறகு ஒவ்வொண்டும் 1 மணி 40 நிமிசமா ரெண்டு டிஸ்கா உடைச்சனான், செக்கனுக்கு 6 மெகாபிட் வந்தது, பூ பூவாவே விழுந்தது.

ரெண்டாவது தரம் அடிச்சதில படம் துப்பரவு, ஆனா அம்மம்மா பாத்திட்டு முதல் கேட்டது "பிள்ளை என்ன இப்பிடி மெலிஞ்சு நெடுத்துப் போச்சு, அங்க சாப்பாடு ஒண்டும் குடுக்கிறேல்லையோ" எண்டு. அவவுக்கு உண்மையாவே கண்ணீர் வந்திட்டுது. மெலிஞ்சது பிள்ளை இல்ல, டெக்கின்ர செட்டிங். டிஸ்க் 16:9 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு), ரீவி 4:3 பெட்டி, டெக்கில ரீவி வகை 16:9 எண்டு கிடந்தா அகலப் படத்த நெருக்கிப் பெட்டிக்குள்ள தள்ளும், ஆக்கள் பனைமரம் மாதிரி நிப்பினம். டெக்கின்ர செட்டப் மெனுவுக்குப் போய் "4:3 எல்பி" எண்டு மாத்தினா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டையோட சரியான உருவத்தில வரும். ரிமோட் துலைஞ்ச வீடெண்டா இந்த மெனுவுக்குப் போக ஏலாது, அப்ப அடிக்க முதலே கறுப்புப் பட்டையோட 4:3யா மாத்திப்போட்டு அடியுங்கோ. இன்னொண்டு, பழைய பெட்டி ரீவி படத்தின்ர ஓரத்த நாலு பக்கமும் கொஞ்சம் விழுங்கும், கீழ எழுத்துப் போட்டிருந்தா பாதி எழுத்துத்தான் தெரியும், நீங்களா ஏதும் எழுத்துப் போடுறதெண்டா ஓரத்தில இருந்து பத்து சதவீதம் உள்ளுக்கு வையுங்கோ.

மூண்டாவது பிரச்சினை விக்கல். கனடா வீடியோ 29.97 பிரேம், நான் அத பாலுக்கு 25 ஆக்கினன், செக்கனுக்கு அஞ்சு பிரேம் வெட்டுப்பட்டு, கமராவத் திருப்பின இடமெல்லாம் விக்கி விக்கி வந்தது. பிறகு என்டிஎஸ்சியாவே அடிச்சன், டெக் ஒரு சத்தமும் இல்லாம எடுத்திட்டுது. எங்கட பக்கம் வித்த டெக் அனேகமா ரெண்டையும் ஓட்டும், ரிமோட்டில பி/என் எண்டு ஒரு பட்டன் இருந்தா அது அதுக்குத்தான், படம் கறுப்பு வெள்ளையா வந்தா அத அமத்திப் பாருங்கோ. உங்கட பைல் இங்க எடுத்த 25 பிரேம் வீடியோவெண்டா பால், வெளிநாட்டில இருந்து வந்த 30 எண்டா என்டிஎஸ்சி. போன்ல எடுத்ததெண்டா கவனம், போன் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி பிரேம் எண்ணிக்கையக் கூட்டிக் குறைக்கும், அத அப்பிடியே மாத்தினா போகப் போக மேளம் முதல் கேக்கும் அடி பிறகு விழும். முதல் ஹேண்ட்பிரேக் எண்ட வீடியோ மாத்துற சொப்ட்வெயாரில போட்டு பிரேம் ரேட்ட ஒரே அளவா நிலைப்படுத்தி எடுத்திட்டு பிறகு டிவிடிக்குப் போங்கோ. ஹேண்ட்பிரேக் தானா டிவிடி செய்யாது, கனபேர் அத வச்சு மினக்கெடுகினம், அது எம்பி4, எம்கேவி, வெப்எம் மட்டும்தான் தரும்.

டிவிடி செய்ய நான் பாவிக்கிறது டிவிடி ஸ்டைலர் எண்ட சொப்ட்வெயார், காசு இல்ல. விண்டோஸ் 7ல டிவிடி மேக்கர் எண்டு ஒண்டு கூடவே வந்தது, 8ல இருந்து எடுத்துப்போட்டாங்கள். ஸ்டைலரத் திறந்த உடன கேக்கும், 4.7 ஜிபியோ, பாலோ என்டிஎஸ்சியோ, 4:3யோ 16:9ஓ, சத்தம் ஏசி3யோ எண்டு, மேல சொன்னதுகளப் பாத்துப் போடுங்கோ, பைல இழுத்து விடுங்கோ, நேர டிஸ்குக்கு அடிக்காம ஐஎஸ்ஓ பைலா (முழு டிஸ்கும் ஒரே பைலுக்குள்ள) எடுங்கோ. இது ஏன் சொல்லுறன் எண்டா மாத்துறதுக்கு மணிக்கணக்கா எடுக்கும், நான் இத செய்தது 2022 பங்குனியில, மாசக் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலம், லப்டொப் பற்றரி செத்தது, தொண்ணூறு சதவீதத்தில ரெண்டு தரம் போய் முதல்ல இருந்து தொடங்கினனான். ஐஎஸ்ஓவா இருந்தா ஒருக்கா மாத்தினாக் காணும், டிஸ்க் பழுதானாலும் திரும்ப அடிக்கிறது பத்துப் பதினஞ்சு நிமிச வேலை. அந்த ஐஎஸ்ஓவ முதல் விஎல்சி பிளேயரில திறந்து நடுவில, கடைசியில எல்லாம் ஓட்டிப் பாருங்கோ. சரியெண்டா பைலில ரைட் கிளிக் பண்ணி விண்டோஸிலயே அடிக்கலாம், "வெரிஃபை" எண்ட பெட்டியில சரி போட மறக்காதேங்கோ.

டிஸ்க் வாங்கேக்க டிவிடி மைனஸ் ஆர் வாங்குங்கோ, பழைய டெக்குகள் பிளஸ் ஆரை விட அத லேசா எடுக்கும், ஆர்டபிள்யூ (அழிச்சுத் திரும்ப அடிக்கிற டிஸ்க்) வேண்டாம், அதின்ர வெளிச்சத் தெறிப்புக் குறைவு, வயசான லென்ஸுக்குத் தெரியாது. சொப்ட்வெயாரில வேகத்தத் தெரிய ஏலுமெண்டா 16 எண்டு இருந்தாலும் 4லயோ 8லயோ அடியுங்கோ. மேல மார்க்கர் பேனாவால எழுதுங்கோ, கடதாசி ஸ்டிக்கர் ஒட்டினா டிஸ்க் சுத்தேக்க ஒரு பக்கம் பாரம் கூடி அதிரும். ஜன்னலடியில வெயில் படுற இடத்தில வச்சீங்களெண்டா எங்கட ஊர் வெயிலுக்கு அதின்ர சாயம் போய் டிஸ்கும் போயிடும்.

"கடையில குடுத்தா அடிச்சுத் தருவினம்தானே" எண்டு ஆரும் கீழ சொல்லுவினம். குடுங்கோ, ஆனா "ரீவி டெக்கில ஓடுற டிவிடியா வேணும்" எண்டு வாயத் திறந்து சொல்லுங்கோ. நான் சோம்பல் பட்டு ஒரு கடையில குடுத்து எடுத்தது, வடிவான கவரில பொம்பிளை மாப்பிள்ளை படமெல்லாம் பிரிண்ட் பண்ணி, உள்ளுக்க பாத்தா அதே எம்பி4. வாங்கின உடன அங்கயே டிஸ்கத் திறந்து வீடியோ_டிஎஸ் போல்டர் இருக்கோ எண்டு பாத்திட்டுக் காசக் குடுங்கோ.

அப்பாவுக்கு எண்டபடியா கடைசியா ஒண்டு. ஸ்டைலரில மெனு எண்டு பூப்போட்ட படமொண்டு தானா வரும், அத அழிச்சு விடுங்கோ, டிஸ்கப் போட்ட உடன நேர வீடியோ தொடங்கும். வயசான ஆக்கள் மெனுவில அம்புக்குறியத் தேடிக்கொண்டு இருந்திட்டு ரீவிய நிப்பாட்டிப்போட்டுப் படுத்திடுவினம். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு சப்டர் வையுங்கோ, தேர் வரைக்கும் தாவலாம். அம்மம்மாட ரிமோட்டில நான் பிளே பட்டனுக்குச் சிவப்புக் கியூட்டெக்ஸால ஒரு பொட்டு வச்சு விட்டனான், மற்றப் பட்டன் ஒண்டையும் அவ தொடுறேல்ல, தாலி கட்டுற இடத்த இப்ப எத்தினை தரம் பாத்திருப்பாவோ தெரியாது.

டெக்கின்ர முன்பக்கம் என்ன எழுதியிருக்கு, வீடியோ எத்தினை நிமிசம், பிரேம் ரேட் எவ்வளவு, இந்த மூண்டையும் கீழ எழுதுங்கோ, எத்தினை டிஸ்க் தேவை, பிட் எவ்வளவு வைக்கிறது எண்டு கணக்குப் போட்டுச் சொல்லுறன்.