டிசம்பரில் மலேசியா: பட்டியலில் எதை அடிக்கலாம்?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் ஆறு இரவுகள் மலேசியா வருகிறோம். நான், மனைவி, 10 வயது மகள், 66 வயது அம்மா. கோலாலம்பூர், பினாங்கு, லங்காவி, ரெடாங் தீவு, கோத்தா கினாபாலு என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா? அம்மா சுத்த சைவம். மலாய் யாருக்கும் தெரியாது.

பதில்: பேனாவை எடுத்து முதலில் ரெடாங்கை அடித்துவிடுங்கள். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கத்தைப் போட்டு அடிக்கும். ரெடாங் உட்பட அந்தப் பக்கத்துத் தீவு விடுதிகள் பெரும்பாலும் பிப்ரவரி வரை பூட்டியே கிடக்கும். இணையத்தில் நீங்கள் பார்த்த கண்ணாடித் தண்ணீர் படங்கள் ஏப்ரலுக்குப் பிறகு எடுத்தவை.

அடுத்தது கோத்தா கினாபாலு. வரைபடத்தை விரித்துப் பாருங்கள், இந்த நாடு இரண்டு துண்டு. நடுவில் தென்சீனக் கடல். கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேரம் பறந்து, கோத்தா கினாபாலு இருக்கும் சபா மாநிலத்தில் இறங்கினால், உள்நாட்டுப் பயணம்தான் என்றாலும் மறுபடி பாஸ்போர்ட் நீட்ட வேண்டும். 1963இல் மலேசியாவில் சேர்ந்தபோதே சபாவும் பக்கத்து மாநிலமான சரவாக்கும் குடிநுழைவு அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. 4,095 மீட்டர் உயரக் கினாபாலு மலையும் கடசான் பழங்குடி மக்களும் இருக்கும் அந்த உலகத்தை ஒன்றரை நாளில் எட்டிப் பார்ப்பது வீண். அதற்கென்று இன்னொரு முறை வாருங்கள்.

லங்காவியில் டிசம்பர் வெயில் நன்றாகவே இருக்கும். ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதையும் விட்டுவிடுவேன். கடற்கரை பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லையே. மிஞ்சுவது கோலாலம்பூரும் பினாங்கும். இறங்கியதும் கோலாலம்பூரில் ஓர் இரவு, பினாங்கில் மூன்று, திரும்பி வந்து கோலாலம்பூரில் இரண்டு. இதுவே நான்கு பேருக்குப் போதுமான அலைச்சல்.

பினாங்குக்கு மூன்று இரவு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தெருவுக்காக என்றுகூடச் சொல்லிவிடுவேன். பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று ஒரு தெரு. ஒரு கோடியில் 1818இல் கட்டி முடித்த வெள்ளைத் தூண் தேவாலயம். அங்கிருந்து நடந்தால் ஊதுவத்திப் புகை மண்டிய, சீனர்களின் கருணைத் தெய்வம் குவான் யின் கோயில். இன்னும் கொஞ்ச தூரத்தில் மகாமாரியம்மன் கோயிலின் முதுகு தெரியும். கோபுர வாசல் பின்னால் குயின் தெருவில் இருக்கிறது, சுற்றிக்கொண்டு போங்கள். அதையும் தாண்டினால் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுப்பிய பள்ளிவாசல். மெதுவாக நடந்தாலே கால் மணி நேரம்தான். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கோயில் மணிச் சத்தமும் பூக்கடைத் தமிழும் அந்த நேரத்தில்தான் தெளிவாகக் கேட்கும், வெயிலும் ஏறியிருக்காது. 2008இல் மலாக்காவோடு சேர்த்து இந்த நகரை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டதற்கு இப்படிப்பட்ட தெருக்கள்தான் காரணம்.

அந்தத் தெருப் பெயரில் வருகிற ‘கெலிங்’ பற்றி ஒரு வார்த்தை. கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பழைய பெயர்களில் தங்கிவிட்டதே தவிர, இன்று இந்தியரைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது வசை. மகளிடம் சொல்லி வையுங்கள், விளையாட்டாகக்கூட வாயில் வரக்கூடாது.

இனி அம்மாவின் சாப்பாடு. கவலை நியாயமானதுதான். இங்கே ‘காய்கறி’ என்றால் காய்கறி மட்டும் என்று பொருளில்லை. கீரை வதக்கலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் மிளகாய்ச் சம்பலில் நெத்திலி கிடக்கும். மாமாக் கடை தமிழ் முஸ்லிம்கள் நடத்துவது. தமிழில் கேட்கலாம், ரொட்டி சானாய் என்கிற பரோட்டா அருமையாக இருக்கும். ஆனால் நீங்கள் வாய் திறப்பதற்குள் மேலே மீன் குழம்பு விழுந்துவிடும். “பருப்பு மட்டும், தனியா” என்று முதலிலேயே சொல்லுங்கள். அதே கரண்டி எல்லாக் குழம்பிலும் போய்வரும் என்பதையும் அம்மாவிடம் மறைக்காதீர்கள். அவருக்கு அது ஒத்துவராது என்றால் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், பினாங்கில் லிட்டில் இந்தியா. இரண்டிலும் சுத்த சைவக் கடைகள் உண்டு. சீனச் சைவக் கடைகளுக்கும் போகலாம், பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஆனால் சோயாவில் செய்த ‘மீன்’ அசல் மீன் போலவே தட்டில் படுத்திருக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அம்மா எழுந்து போய்விடுவார்!

தேநீருக்கு மட்டும் சின்னப் பாடம். தே என்றாலே கெட்டிப்பால், இனிப்பு. தே ஓ என்றால் பாலில்லை, சர்க்கரை உண்டு. தே ஓ கோசோங் என்றால் இரண்டும் இல்லை. சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் ‘குராங் மானிஸ்’.

மலாய் தெரியாததால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆங்கிலம் பெரும்பாலும் ஓடும். பலகைகளும் ரோமன் எழுத்தில்தான் இருக்கும்: மாசுக் உள்ளே, கெலுவார் வெளியே, தண்டாஸ் கழிப்பறை. போதாக்குறைக்கு நம் சொற்களே வந்து நிற்கும். கெடாய் கடை, காப்பால் கப்பல், காத்தில் கட்டில். ஹோட்டலில் ‘கோலாம்’ என்று பார்த்தால் மாவுக்கோலம் தேடாதீர்கள், அது குளம். தமிழர்களோடு பேசும்போது ஒரு குழப்பம் வரலாம், ‘பத்து வெள்ளி’ என்பார்கள். உலோகமில்லை, பத்து ரிங்கிட்.

காகித வேலைகள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு நடப்பில் இருக்கிறது. அது காலவரையறை உள்ள சலுகை. டிக்கெட் போடும் முன் குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பாருங்கள். டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மகளுக்கும் தனியாக. அது இலவசம், பணம் கேட்கிற தளம் போலி. ஹோட்டலில் அறைக்கு, இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். பட்டை முள் மூன்று கொண்ட பிளக் அடாப்டர் ஒன்று எடுத்து வாருங்கள். பினாங்குக்கு இ.டி.எஸ். என்கிற விரைவு ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகு. வருடக் கடைசிக் கூட்டத்தில் சீட்டு காலியாகிவிடும், டிக்கெட்டை இப்போதே போடுங்கள்.

கடைசி இரண்டு நாளில் பத்துமலை. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் அடிவாரத்திலேயே இறக்கிவிடும். 272 படி, நல்ல செங்குத்து. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் 140 அடி முருகன் சிலையும் கீழே உள்ள சன்னிதிகளும் போதும், மேலே நீங்கள் மூவரும் போய் வரலாம். ஏழு, ஏழரைக்கே ஏறிவிடுங்கள். பிற்பகலில் இடியோடு மழை கொட்டினால் படி வழுக்கும். வாழைப்பழத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறாதீர்கள், பாதி வழியில் குரங்கு வாங்கிக்கொண்டுவிடும்.