தொண்டையில் துளை போட்டால் பேச்சு போய்விடுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது, சர்க்கரை உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. ஒரு புதன்கிழமை காய்ச்சலும் இருமலும் வந்தது, தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள். வெள்ளி ராத்திரி படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். சனிக்கிழமை காலை தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மதியத்துக்குள் வெண்டிலேட்டர் வைத்துவிட்டார்கள். இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியாவாம். இன்றோடு பத்து நாள். இப்போது தொண்டையில் துளை போட வேண்டும், கையெழுத்து போடு என்கிறார்கள். அவருடைய அண்ணன் "போட்டால் பேச்சே போய்விடும், உடனே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்று" என்று சண்டை போடுகிறார். மாமியார் தினமும் தூக்கில் கஞ்சி கொண்டுவந்து வாசலில் நிற்கிறார். பன்னிரண்டாவது படிக்கிற மகளிடம் "சளிதான்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமையே கூட்டிப் போயிருந்தால் என்ற நினைப்பில் எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்யட்டும் அக்கா?

பதில்: இவர் மெயில் வந்த அன்றே போனில் பேசிவிட்டேன், இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற சங்கதியா இது? அவர் சம்மதத்தோடுதான் இங்கே போடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு ஐசியூ வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில், ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சட்டையையும் செருப்பையும் கவரோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை இருபத்திரண்டு வருஷ நர்ஸ் வேலையில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தத் துளை. இப்போது அவர் வாய்வழியாகப் போயிருக்கிற குழாய் குரல் நாண்களுக்கு நடுவே நுழைந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. அதை அசைக்காமல் இருக்க மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்கும். உதட்டோரம் பிளாஸ்திரி இழுத்துப் புண்ணாகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். நாள் ஆக ஆக குரல் நாணும் மூச்சுக்குழாயும் அழுந்திப் புண்ணாகிற ஆபத்து கூடும். அதனால்தான் பத்துப் பன்னிரண்டு நாளில் குழாயை எடுக்க முடியாது என்று தெரிந்தால், குரல்வளைக்குக் கீழே கழுத்தில் சின்னத் துளை போட்டு அங்கே குழாய் வைக்கிறார்கள். டிரக்கியாஸ்டமி என்பார்கள். வாய் விடுபடும், மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை உறிஞ்சி எடுப்பது சுலபம். அந்தக் குழாய் இருக்கிறவரை காற்று குரல் நாண் பக்கம் போகாது, அதனால் சத்தம் வராது, அவ்வளவுதான். நுரையீரல் தேறியபின் குழாயை எடுத்தால் பெரும்பாலும் துளை தானே மூடிக்கொள்ளும், பேச்சும் திரும்பும். ரத்தக்கசிவு, தொற்று மாதிரி ஆபத்துகள் உண்டு, அதை டாக்டரிடம் கேட்டுவிட்டே கையெழுத்து போடுங்கள். ஆனால் "பேச்சு போய்விடும்" என்ற பயத்தில் தள்ளிப் போடாதீர்கள்.

மாற்றுகிற விஷயம். ஸ்டான்லி நம்ம பக்கத்து ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர்கள் இருக்கிற இடம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் வெண்டிலேட்டரில் இருக்கிற ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவது வீடு மாற்றுகிற மாதிரி இல்லை. அங்கே வெண்டிலேட்டரோடு படுக்கை காலியா, இந்த டாக்டர் அந்த டாக்டரிடம் பேசினாரா, வண்டியில் வெண்டிலேட்டரும் அதைப் பார்க்கத் தெரிந்த ஆளும் உண்டா, இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால்தான் யோசிக்கலாம். அண்ணன் கோபத்துக்குப் பின்னால் பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரையே ஆஸ்பத்திரியில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மேசைக்கு அனுப்புங்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவரட்டும். சண்டை போடுகிறவருக்கு ஒரு வேலை கொடுத்தால் பாதி சண்டை குறையும்.

டாக்டரிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள், கையில் ஒரு நோட்டு. "எப்படி இருக்கார்?" என்று கேட்டால் "அப்படியேதான்" என்றுதான் பதில் வரும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், மெஷினில் இன்று எத்தனை, நேற்று எத்தனை என்று கேளுங்கள். 80 ஓடிக்கொண்டிருந்தது 50 ஆனால் அது நல்ல சேதி. பி.பி. இறங்காமல் இருக்கப் போடுகிற மருந்து கூடியதா குறைந்ததா, சிறுநீர் போகிறதா, சளியில் என்ன கிருமி என்று பார்க்கிற கல்ச்சர் ரிசல்ட் வந்ததா. நாலு கேள்வி போதும். குப்புறப் படுக்க வைத்திருந்தால் முகம் வீங்கியிருக்கும், பயப்படாதீர்கள், முதுகுப் பக்க நுரையீரல் விரியத்தான் ஒரே தடவையில் 16 மணி நேரம்கூட அப்படி வைக்கிறார்கள்.

கஞ்சி வேண்டாம், மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மூக்கு வழிக் குழாயில் அவருக்கு அளந்து சாப்பாடு போகிறது. பார்க்க விடுகிற நேரத்தில் அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு, மகன் கையைப் பிடித்து "காசி, வலை காஞ்சாச்சுடா" என்கிற மாதிரி வீட்டுச் சேதி ஏதாவது பேசட்டும். மயக்கத்திலும் சிலருக்குக் காது கேட்கும். திருநீறு மட்டும் வேண்டாம், குழாய் பக்கம் தூள் எதுவும் போகக்கூடாது.

மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாத மாதிரி நடிக்கிறாள், பதினேழு வயசுப் பிள்ளையை அத்தனை தனியாக விடக்கூடாது.

உயிராபத்து நீங்கிவிட்டதா என்று போனில் கேட்டார். இல்லை. நீங்கவில்லை என்றுதான் சொன்னேன். பத்து நாள் தாங்கியிருக்கிறார் என்பதும் உண்மை. வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு: நிமோனியா சிலருக்கு ஒரே ராத்திரியில் புரட்டிப் போடும், புதன்கிழமை டாக்டருக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: நிமோனியாவில் மூன்று வாரம் ஐசியூவில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். "நர்ஸுங்க என்னைக் கட்டிப்போட்டுக் கொல்லப் பார்த்தாங்க" என்கிறார். மாடிப்படி ஏற முடியவில்லை. மனநோயா? - கொடுங்கையூர் வாசகர்

பதில்: ஐசியூவில் இரவு பகல் தெரியாமல், மருந்தும் காய்ச்சலும் சேர்ந்து மூளை குழம்பும். கனவும் நிஜமும் கலந்து, சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார்கள், என்னையே ஒரு பெரியவர் போலீஸ்காரி என்று நினைத்துத் திட்டியிருக்கிறார். வாதாடாதீர்கள், "இப்ப வீட்ல இருக்கீங்கப்பா" என்று சொன்னால் போதும். பெரும்பாலும் மெல்ல மெல்லக் குறையும். வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமே இல்லாவிட்டால், டாக்டரிடம் காட்டுங்கள். படுத்தே இருந்ததில் தசை கரைந்திருக்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்வதைச் செய்து, முட்டை, மீன், பருப்பு என்று கொடுங்கள். முன்பு மாதிரி நடக்க மாதங்கள் ஆகலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை. நிமோனியா ஊசி போடலாமா? - தண்டையார்பேட்டை வாசகி

பதில்: போடலாம், அவர் டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். நிமோகாக்கஸ் என்ற கிருமிக்கான ஊசி ஒன்று, வருஷா வருஷம் போடுகிற ஃப்ளூ ஊசி இன்னொன்று. எல்லா நிமோனியாவையும் தடுக்காது. வயதானவர்களுக்கு சில சமயம் காய்ச்சலே இருக்காது, சாப்பிட மாட்டேன் என்பார்கள், குழப்பமாகப் பேசுவார்கள், அவ்வளவுதான் அடையாளம். மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணுங்கள். 30 தொட்டாலோ, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற மெஷினில் 90க்குக் கீழே போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஆட்டோ தேடாதீர்கள், 108. விரலில் மருதாணி இருந்தால் மெஷின் தப்பாகக் காட்டலாம், வேறு விரலில் மாட்டிப் பாருங்கள்.