விங்சூட் பறத்தலை மதுரையில் வீட்டுக்குள்ளேயே விஆரில் பாதுகாப்பாக உணர முடியுமா?

முடியும். விங்சூட் என்பது கைகால்களுக்கு நடுவே துணி தைத்த உடை, உயரத்திலிருந்து குதித்து அதை விரித்துக் காற்றில் சறுக்குவார்கள். விஆர் என்பது கண்ணை மூடும் ஹெட்செட்டில், நாமே அந்த இடத்தில் இருப்பது போலக் காட்டும் படம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கிற மாதிரி தொட்டில் கொக்கியில் பெல்ட் மாட்டித் தொங்க வேண்டாம். கொக்கி தாங்கினாலும் பெல்ட் தொடையை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பொருட்காட்சிகளில் விஆர் ஸ்டால் போடுவது என் தொழில். ஆட்கள் ஹெட்செட்டோடு எப்படி விழுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறவன்.

நின்றபடி பறப்பதில்தான் அதிகம் விழுகிறார்கள். நாம் நேராக நிற்பதில் கண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு. படத்தில் அடிவானம் சாய்ந்தால், அதைச் சரிக்கட்டப் போய் உடம்பும் சாயும். வீட்டில் என்றால் டீப்பாய் முனை காத்திருக்கும்.

எனவே குப்புறப் படுங்கள். இடுப்பு உயரத்துக்குக் கீழான, ஆடாத மரப் பெஞ்சு. நெஞ்சுக்கும் தொடைக்கும் தலையணை. கை இரண்டும் வெளியே விரிந்திருக்க வேண்டும். இது வெறும் போஸ் இல்லை. குதித்த முதல் சில நொடிகள் போக, விங்சூட் என்பது சீரான சறுக்கல். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் போனாலும் வேகம் மாறாதவரை உள்காதுக்கு ஒன்றும் தெரியாது. அது வேக மாற்றத்தையும் திரும்பலையும்தான் பிடிக்கும். காற்று கீழிருந்து தாங்குவதால் உடம்பு எடையும் முழுசாகத் தெரியும். பெஞ்சில் படுத்தவருக்கும் கிட்டத்தட்ட அதேதான். கண்ணும் காதும் சண்டை போடாததால் ரோலர் கோஸ்டர் விஆர் அளவுக்குக் குமட்டாது. சடாரென்று திரும்பினால் மட்டும் வயிறு புரளும், அதனால் ஆரம்பத்தில் நேராகவே பறங்கள்.

அப்புறம் காற்று. முகத்துக்கு நேரே ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள், கைக்கு எட்டாத தூரத்தில். சூரிச் கலைப் பல்கலைக்கழகத்தில் உருவான 'பேர்ட்லி' பறவை இயந்திரமும் ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முகத்தில் விசிறிக் காற்று அடிக்கிற ஏற்பாடுதான். நம்மூர் வெயிலில் லென்ஸ் வியர்வையில் மங்குவதற்கும் அதே ஃபேன் மருந்து. கரண்ட் போனால் ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள், புழுக்கத்தில் தலைசுற்றல் சீக்கிரம் வரும்.

ஹெட்செட் அரைக் கிலோ. படுத்தபடி தலையைத் தூக்கிப் பார்ப்பதால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதனால் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் பறந்தால் போதும். கறிதோசை சாப்பிட்ட கையோடு வராதீர்கள். வலிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கொடைக்கானலில் குதித்தால் மதுரை வரை வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விங்சூட் ஒரு மீட்டர் இறங்கினால் முன்னே இரண்டரை, மூன்று மீட்டர்தான் போகும். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர், பெரியகுளம் பக்கத்துச் சமவெளி ஏறத்தாழ 300. ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏதாவது தோப்பில் இறங்கியிருப்பீர்கள், அதுவும் பாராசூட் விரித்தால்தான். விஆரில் தாராளமாக மாட்டுத்தாவணி வரை வரலாம், சில ஆப்கள் காற்றுத் தடையைக் கண்டுகொள்வதே இல்லை.

இதில் பழகிவிட்டு நிஜத்தில் குதிக்கலாமா? கூடாது. அமெரிக்காவின் யுஎஸ்பிஏ பாராசூட் சங்கம் விங்சூட் போடும் முன் குறைந்தது 200 ஸ்கைடைவ், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதித்த அனுபவம், கேட்கிறது. கையும் காலும் துணிக்குள் இருக்க, முதுகுக்குப் பின்னால் சுழலும் காற்றில் பாராசூட்டைச் சரியாக விரிப்பதுதான் அங்கே கடினமான வேலை. டேபிள் ஃபேன் அதைச் சொல்லித்தராது.